பெட்ரோல் கார் பிஎஸ் 4-ஆ, பிஎஸ் 6-ஆ? ஆக்சிஜன் சென்சார் எங்கே இருக்கும்?

தர்மபுரியில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய காரில் என்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனர் பி0136 என்ற கோளாறு கோடைக் காட்டுகிறது, கார் பிஎஸ் 4-ஆ பிஎஸ் 6-ஆ (புகை மாசுக்கான பாரத் ஸ்டேஜ் விதி), ஆக்சிஜன் சென்சார் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஆர்சி-யில் எமிஷன் நார்ம்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். முன் கண்ணாடி ஸ்டிக்கரின் மேல் ஓரத்தில் பச்சைப் பட்டை இருந்தாலும் பிஎஸ் 6தான். 2020 ஏப்ரல் 1 முதல் புதுக் கார்களுக்கு பிஎஸ் 6 கட்டாயம். ஆனால் 2019-லேயே சில மாடல்கள் பிஎஸ் 6-இல் வந்துவிட்டன, அதனால் வருஷத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம் சென்சார், அதாவது புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது. என்ஜினிலிருந்து சைலன்சர் பைப்பைப் பின்தொடருங்கள். வழியில் வயிறு புடைத்த டப்பா ஒன்று வரும்; அதுதான் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஸ்பார்க் பிளக்குக்கு வால் முளைத்த மாதிரி வயரோடு நிற்கும். முன்னது பெட்ரோல் கலவையைச் சரிசெய்ய, பின்னது கன்வெர்ட்டரைக் கண்காணிக்க. நாலு சிலிண்டர் வரிசை என்ஜினில் பி0136 என்றால் பின்னதன் சர்க்யூட்டில் கோளாறு.

உடனே புது சென்சார் வாங்கிவிடாதீர்கள். வயர் பைப்பில் உரசி உருகியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். தொப்பூர் கணவாய் ஏறி வந்த சூட்டோடு மட்டும் கை வைக்காதீர்கள், தோல் கழன்றுவிடும்.