போவின் வரலாற்றில் யாரை நம்புவது?

கேள்வி: எட்கர் ஆலன் போவின் திகில் கதைகளில் தோய்ந்துபோன என் மகள், அவருடைய வாழ்க்கை வரலாறு வேண்டும் என்கிறாள். வேலூரில் நடந்த புத்தகக் கண்காட்சியில் இரண்டு நூல்களைப் புரட்டினேன். ஒன்றில் அவர் மொடாக் குடியர், மற்றொன்றில் மாசற்ற உத்தமர். எதை வாங்குவது?
- வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: அந்த இரண்டு சித்திரங்களுக்கும் வேர் ஒன்றுதான். 1849 அக்டோபர் 7 அன்று பால்டிமோரில் போ இறந்தார்; இரண்டாம் நாளே நியூயார்க் நாளிதழ் ஒன்றில், அவருக்கு நண்பர்களே இல்லை என்கிற தொனியில், புனைபெயரில் ஓர் இரங்கல் குறிப்பு வெளிவந்தது. எழுதியவர் அவர்மீது பகை கொண்டிருந்த ரூஃபஸ் கிரிஸ்வோல்ட். போவின் படைப்புகளைத் தொகுத்தவரும் அவரே என்பதால், 1850இல் அவர் எழுதிச் சேர்த்த வாழ்க்கைக் குறிப்பே நெடுங்காலம் ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. அதை மறுக்கப் புறப்பட்ட ஆங்கிலேயர் ஜான் இங்கிராம், 1880இல் வெளியிட்ட வரலாற்றில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்.

ஆர்தர் ஹாப்சன் குவின் 1941இல் எழுதிய பெருநூல்தான் வழக்கைத் தீர்த்தது. போவின் கடிதங்களின் மூலத்தையும் கிரிஸ்வோல்ட் அச்சிட்ட வடிவத்தையும் அருகருகே வைத்து அவர் காட்டும் பக்கங்களைப் படிக்கும்போது, கிரிஸ்வோல்ட் தம்மைப் புகழும் வரிகளைத் தாமே எழுதிப் போவின் வாயில் திணித்திருப்பது கண்ணெதிரே தெரிகிறது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாது என்ற துணிச்சலில் செய்த அந்த வேலை, எத்தனை முறை படித்தாலும் என் மனத்தை வருத்துகிறது.

ஆனாலும் உங்கள் மகளுக்கு முதலில் கென்னத் சில்வர்மேன் 1991இல் எழுதிய வரலாற்றையே வாங்கிக் கொடுங்கள். மூன்று வயது நிறையும் முன்பே தாயையும், 1847இல் மனைவி வர்ஜீனியாவையும் இழந்தவரின் துயரம் கதைகளுக்குள் எப்படி இறங்கியது என்பதை அவர் பரிவோடு சொல்கிறார். எல்லாவற்றையும் துயரத்திலேயே கொண்டுபோய் முடிக்கும் போக்கு அவரிடம் சற்று உண்டு. குவினைப் பிறகு படித்தால் அது சமனாகிவிடும்.

வேறு நூல் கைக்கு வந்தால், கடைசி அத்தியாயத்தை முதலில் திறந்து பாருங்கள். அக்டோபர் 3 அன்று, வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த மதுக்கடையில், தமக்குப் பொருந்தாத உடையில், நினைவு தடுமாறிய நிலையில் போ கண்டெடுக்கப்பட்டார்; சாவின் காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. அந்த நாட்களில் அவர் மனத்தில் ஓடியதையெல்லாம் உடனிருந்து பார்த்தவர்போல ஆசிரியர் விவரித்திருந்தால், அந்த நூலை வாங்காதீர்கள்.