கரையில் நின்று முதல் நெய்மீன்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பாறை மீனும் சீலா மீனும் அப்பப்போ மாட்டுது. நெய்மீன் மட்டும் வரல. குமரிக் கரையில நின்னே பிடிக்க முடியுமா, வள்ளத்துல போனாத்தானா?

பதில்: முடியும். ஆனால் நெய்மீன், அதாவது சென்னைக்காரர்களின் வஞ்சிரம், சாளையும் (மத்தி) நெத்தலியும் கரையை ஒட்டி வந்தால்தான் அவற்றின் பின்னால் வரும். காலடியிலேயே ஆழம் தொடங்கும் இடமாகப் பாருங்கள்: முட்டத்துப் பாறை முனை, கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவுகள். கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். மழை பெய்து ஆற்றுத் தண்ணீர் கலங்கி இறங்கும் நாளில் வீட்டில் தூங்கலாம். விடியற்காலை போய், முதலில் தூண்டில் கம்பான ராடை ஓரமாக வைத்துவிட்டுக் கடலைப் பாருங்கள். சாளை துள்ளுகிறதா, ஆலாப் பறவைகள் குத்தி இறங்குகின்றனவா? இரண்டும் இல்லையென்றால் லூரை (செயற்கை இரை) மாற்றுவதைவிட இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: நாற்பது கிராம் ஜிக் (மீன் போன்ற உலோக லூர்) போடுகிறேன். ஒரு இழுப்பு, அவ்வளவுதான், தூண்டில் நரம்பு அறுந்து வருகிறது. இன்னும் தடிமனான நரம்பு போடலாமா?

பதில்: வேண்டாம். அதன் பல் கத்திரிக்கோல் மாதிரி. தடி நரம்பையும் நறுக்கிவிடும். லூருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய ஸ்டீல் கம்பி போதும். அதற்கு மேல் ஒரு மீட்டருக்கு ஐம்பது பவுண்டு தாங்கும் லீடர் (முன் நரம்பு), ரீலில் முப்பது பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு). இன்னொன்று, பளபளக்கும் ஸ்விவலை (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு) கழற்றிவிட்டுச் சின்னக் கறுப்பு ஸ்விவல் மாட்டுங்கள். கூட்டத்தில் வரும் இன்னொரு மீன் அந்த மினுக்கத்தை இரை என்று நினைத்துக் கடிக்கும். அப்போது கம்பிக்கு மேலேயே அறுந்துவிடும். அப்புறம், ஜிக்கை வேகமாகச் சுற்றுங்கள். மெதுவாக வரும் இரும்பை அது சீண்டாது.

கேள்வி: உயிர்ச் சாளை போட்டால் தலை மட்டும் திரும்பி வருகிறது. யார் வேலை?

பதில்: பெரும்பாலும் நீங்கள் தேடுகிற ஆள்தான். முதல் கடியில் வாலை வெட்டி இரையை முடமாக்குவது அதன் வழக்கம். மூக்கில் ஒரு முள் போட்டு, அதிலிருந்து கம்பியில் மூன்று கொக்கி சேர்ந்த இன்னொரு முள்ளை வால் பக்கம் கொண்டு போங்கள்.

கேள்வி: மாட்டினால் எப்படிக் கரையேற்றுவது? பாறை மேல் நின்றுகொண்டு கை நடுங்குகிறது சார்.

பதில்: முதல் ஓட்டத்தில் அதை நிறுத்தவே பார்க்காதீர்கள். ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் டிராக்கை மூன்று கிலோ அளவில் வைத்து ஓட விடுங்கள். கரை அருகே வந்ததும் இன்னொரு முறை பாயும். பலர் மீனை விடுவது அங்கேதான். எங்கே ஏற்றப் போகிறீர்கள் என்பதை முதல் வீச்சுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நீளக் கம்பில் கட்டிய கொக்கியோடு கூட ஒருவர் நிற்கட்டும். அலையோடு சேர்த்துத் தூக்க வேண்டும், அலை திரும்பும்போது இழுக்கக் கூடாது. வாய்க்குள் விரல் விடவே வேண்டாம், குறடு எடுங்கள்.

கேள்வி: கடல் அமைதியாக இருந்தால் தனியாகப் போகலாமா?

பதில்: கூடாது. காற்றே இல்லாத நாளில் எங்கோ தொலைவில் எழுந்த பெரும் அலை கரையேறுவதைத்தான் நம்மூரில் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இறந்தார்கள். அப்போதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் எச்சரிக்கையைப் பார்க்காமல் தூண்டில் வளைவில் கால் வைக்காதீர்கள். தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது அந்தப் பக்கமே வேண்டாம்.

கேள்வி: ரெண்டு அடிகூட இல்லாத குட்டி மாட்டுச்சு. உடம்புல கோடு இல்ல, புள்ளிதான். இது நெய்மீனா?

பதில்: புள்ளி வைத்தது அதன் உறவுக்கார இனம். நீங்கள் கேட்கும் நெய்மீனுக்குப் பக்கவாட்டில் மெல்லிய, வளைந்த கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். அது சுமார் 70 செ.மீ. தாண்டிய பிறகே முட்டையிடும். அதற்குக் கீழே உள்ளது உயிரோடு இருந்தால் நான் விட்டுவிடுவேன். மற்றபடி உங்கள் இஷ்டம்.

கேள்வி: வீட்டுக்குக் கொண்டு போக ரெண்டு மணி நேரம் ஆகும். ஐஸ் கட்டாயமா?

பதில்: கட்டாயம். வெயிலில் கிடந்தால் இதன் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிக்கும். பிடித்ததும் செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட்டு ஐஸ்பெட்டியில் போடுங்கள். பெட்டி இல்லையென்றால் அன்றைக்கு மீனே வேண்டாம், வெறுங்கையோடு திரும்புங்கள்.