சிறையில் பாடிய காதல் பாட்டு

கேள்வி: எனக்கு நிச்சயமாகிவிட்டது. தை மாதம் கல்யாணம். அவர் அபுதாபியில் வேலை பார்க்கிறார். போன வாரம் 'அன்செயின்ட் மெலடி' என்ற இங்கிலீஷ் பாட்டை அனுப்பி, "இதைக் கேட்டால் உன் ஞாபகம்தான்" என்று எழுதியிருந்தார். என் தோழியோ, "அது 'கோஸ்ட்' படத்துப் பாட்டுடி, அதில் காதலன் செத்துப்போவான். நல்லது நடக்கும் நேரத்தில் இதையா அனுப்புவார்?" என்கிறாள். மனசே சரியில்லை, இன்னும் பதில்கூடப் போடவில்லை. அந்தப் பாட்டுக்கு என்னதான் அர்த்தம்?
- வாசகி, திருச்சி

பதில்: மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அம்மா. 1990-ல் வந்த 'கோஸ்ட்' படத்தில், கதாநாயகி டெமி மூர் சக்கரத்தில் மண்பாண்டம் வனையும்போது அந்தப் பாட்டு வருவது உண்மைதான். ஆனால் அந்தக் காட்சியில் காதலன் உயிரோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அதோடு, பாட்டு அந்தப் படத்தைவிட 35 வருஷம் மூத்தது.

1955-ல் 'அன்செயின்ட்' என்றொரு அமெரிக்கப் படம் வந்தது. கலிஃபோர்னியாவில் சீனோ என்ற ஊரின் சிறைதான் கதை நடக்கும் இடம். கைதிகளை நம்பி, கெடுபிடி குறைத்து வைத்திருந்த சிறை அது. மனைவியைப் பார்க்கத் தப்பி ஓடிவிடலாமா, இருந்து தண்டனையை முடித்துவிட்டே போகலாமா என்று ஒருவன் தவிக்கிறான். அங்கே சக கைதியாக வரும் டாட் டங்கன் பாடுவதுதான் இந்தப் பாட்டு. இசை அலெக்ஸ் நார்த், வரிகள் ஹை சாரெட். உங்களுக்கு வந்தது அநேகமாக ரைச்சஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் ஜோடியின் 1965 பதிவாக இருக்கும்.

பாடுவது ஒரு கைதி என்று தெரிந்துகொண்டு இன்னொரு முறை கேளுங்கள். உன் கை பட்டு வெகு நாளாயிற்று, பொழுது நகரவே மாட்டேன் என்கிறது என்று ஏங்குகிறான். உடனேயே, இந்தக் காலம் என்னென்னவோ செய்துவிடுமே என்றும் பயப்படுகிறான். அந்தப் பயத்தில்தான் கேட்கிறான்: நீ இன்னும் என்னவள்தானா? எனக்கு இந்தப் பாட்டின் உயிரே அந்தக் கேள்விதான். அழகை வர்ணிக்கவில்லை, சத்தியம் எதுவும் கேட்கவில்லை. எட்ட முடியாத தூரத்தில் இருப்பவனுக்குத் தெரிந்தாக வேண்டியது அது ஒன்றுதான். அப்புறம், தனியாக ஓடும் ஆறுகள் கடலின் மடியைத் தேடிப் போவதைச் சொல்லி, காத்திரு, வீட்டுக்கு வந்துவிடுவேன் என்கிறான். சோகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வரப்போகிறவனின் சோகம் அது. சாவோ அபசகுனமோ இதில் எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்விக்குப் பாட்டில் பதிலே வராது, கவனித்தீர்களா? அதைத்தான் அவர் உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். நீங்களும் ஒரு வாரமாகப் பேசாமல் இருக்கிறீர்கள். தனியாக இருக்கும் மனிதருக்கு அங்கே எப்படி இருக்கும்! தோழி சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு, இன்று ராத்திரியே போன் போட்டு அவரிடம் பேசுங்கள்.