ஒரு நாட்டின் தலைமைப் பாணியை அதன் கலாசாரம்தான் தீர்மானிக்கிறதா?

பாதி உண்மை என்பேன். நான் பிறந்தது இலங்கையில், இருப்பது சுவிஸில். அதிகார விஷயத்தில் இந்த இரண்டைப் போல எதிரும் புதிருமான நாடுகள் கிடைப்பது கஷ்டம்.

சுவிஸில் ஏழு பேர் சேர்ந்ததுதான் அரசாங்கம். அந்த ஏழு பேரில் ஒருவர் முறை வைத்து ஒரு வருடம் ஜனாதிபதி. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், வெளிநாட்டு விருந்தினரை வரவேற்பார், அவ்வளவுதான். மற்ற ஆறு பேருக்கும் அவர் கட்டளை போட முடியாது. 2014 இல் ஜனாதிபதியாக இருந்த டிடியே புர்கால்தேர், நொய்சாத்தல் ரயில் நிலைய மேடையில் கைபேசியைப் பார்த்தபடி நிற்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. பக்கத்தில் நிற்பவர்கள் அவரைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் பிரதேச சபைத் தவிசாளர் வந்தாலே மாலையோடு நிற்போம்.

உடனே, 'அவர்களுடைய கலாசாரமே அடக்கமானது' என்பார்கள். வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1847 இல் கத்தோலிக்கப் பழமைவாத மாநிலங்களும் மற்றவையும் தங்களுக்குள் போரே செய்தன. வென்ற தாராளவாதிகள் 1848 இல் இந்த ஏழு பேர் சபையை உருவாக்கி, ஏழு கதிரையிலும் தாங்களே உட்கார்ந்தார்கள். தோற்றவர்களுக்கு முதல் கதிரை கிடைத்தது 1891 இல், 43 வருடம் கழித்து. அதுவும் யாருடைய பெருந்தன்மையாலும் கிடைக்கவில்லை. 30,000 கையெழுத்துச் சேர்த்தால் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தையே மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம் என்று 1874 அரசியலமைப்பு சொன்னது. பழமைவாதிகள் அதை வைத்துச் சட்டங்களை ஒவ்வொன்றாக விழுத்தினார்கள். தொல்லை தாங்காமல்தான் ஆளும் தரப்பு அவர்களை உள்ளே எடுத்தது. இன்று விட்டுக்கொடுக்கும் குணமாக நமக்குத் தெரிவது அப்படி வந்த பழக்கம்.

சரி, அதற்காகக் கலாசாரத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழக்கம் ஊறிய பிறகு அதற்கும் பலம் வந்துவிடுகிறது. நாட்டின் மிகப் பெரிய கட்சியின் பெரும்புள்ளி கிறிஸ்தோப் புளோஹர் 2003 இல் சபைக்கு வந்தார். சபை முடிவெடுத்தால், உள்ளே எதிர்த்தவரும் வெளியே அதைத் தன் முடிவாகவே பேச வேண்டும். அவருக்கு அது ஒத்துவரவில்லை. 2007 தேர்தலில் அவருடைய கட்சிதான் மறுபடியும் முதலிடம். இருந்தும் பாராளுமன்றம் அவரைக் கழற்றிவிட்டு, அதே கட்சியின் எவலின் விட்மர்-ஷ்லும்ஃபைத் தெரிவு செய்தது.

வேலைத்தளத்திலும் இதைப் பார்க்கலாம். எங்கள் சமையலறையில் வேலை அட்டவணை மாறும்போது செஃப் ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்பார். ஊரில் இருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். குறையெல்லாம் வெளியே சிகரெட் பிடிக்கும்போதுதான் வரும். இப்போது, 'அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு எனக்குப் போட வேண்டாம்' என்று செஃபின் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆள் மாறிவிட்டாரா என்றால் இல்லை, வீட்டில் இன்னும் அப்பா சொன்னால் சொன்னதுதான். மறுத்துப் பேசினால் இங்கே வேலை போகாது என்று கண்டுகொண்டார், அப்புறம் என்ன பயம்?

'எங்கள் சனத்துக்கு ராசா மாதிரி ஒருவர் வேண்டும்' என்று இலங்கையைப் பற்றிச் சொல்வதை நான் நம்பாததும் இதனால்தான். 1978 இல் ஜே.ஆர். ஜயவர்தன நிறைவேற்று அதிகாரத்தை ஜனாதிபதி என்ற ஒரே கதிரையில் குவிக்கும் வரை அங்கே பிரதமர் ஆட்சிதான் நடந்தது. 1994 இல் சந்திரிகா அந்தக் கதிரையை ஒழிப்பதாகச் சொல்லி வென்றார், ஒழிக்கவில்லை. 2001 இல் அரசியலமைப்பின் 17 ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது, 2010 இல் 18 கூட்டியது, 2015 இல் 19 குறைத்தது, 2020 இல் 20 திரும்பக் கூட்டியது, 2022 இல் 21 மறுபடி கொஞ்சம் குறைத்தது. இதையெல்லாம் நிறைவேற்றிய பாராளுமன்றங்களுக்கு வாக்குப் போட்டது அதே சனம்தான். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வென்ற அநுர குமார திசாநாயக்கவின் விஞ்ஞாபனத்திலும் அந்தக் கதிரையை ஒழிக்கும் வாக்குறுதி இருந்தது.