எல்லோரும் நம் அணிக்கு எதிரியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்து லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் ரசிகன். என் ஆதங்கத்தை உங்களிடம் கொட்டவே எழுதுகிறேன்.

2022-23, 2023-24, 2024-25 என்று தொடர்ந்து மூன்று பருவங்கள் இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் இரண்டாம் இடம் பிடித்தோம். வேறு அணியாக இருந்தால் ‘கடைசி வரை போராடினார்கள்’ என்று எழுதியிருப்பார்கள். எங்களை மட்டும் ‘நெஞ்சுரம் இல்லாதவர்கள்’ என்கிறார்கள். வர்ணனையில் கேரி நெவில் இருந்தால் நான் ஒலியைக் குறைத்துவிடுவேன். அவர் மான்செஸ்டர் யுனைடெட் ஆள். எங்களை மட்டம் தட்டும் தலைப்புகளை எல்லாம் செல்பேசியில் சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

என் மச்சான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். ஊடகம் முழுக்க யுனைடெட்டுக்குத்தான் எதிரி என்று அவர் சாதிக்கிறார். அக்கா மகள் காதுகுத்துக்குச் சீர் கொண்டுபோன இடத்தில் இந்தப் பேச்சு முற்றி, இப்போது எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா நடுவில் தவிக்கிறார். கோவையில் கால்பந்து பார்த்து எழுதுகிறவர் நீங்கள். யார் சொல்வது சரி?

– திருப்பூர் வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

*

அன்புள்ள தம்பி,

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிற விசேஷத்தில் ஆர்சனலுக்காகச் சண்டை என்பதைப் படித்ததும் மனம் சங்கடப்பட்டது. மச்சான் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் நெவில்.

அவர் கடைசி வரை ஆடியது யுனைடெட்டுக்கு மட்டுமே. 2011-இல் ஓய்வு பெற்ற கையோடு ஸ்கை தொலைக்காட்சிக்கு வந்தார். அவரை யுனைடெட் ஆள் என்று நீங்கள் நினைப்பதற்கு முகாந்திரம் இருக்கிறது. ஆனால் மச்சானிடம் கேட்டிருந்தால், நடுநிலையாளர் என்று பெயர் வாங்குவதற்காகச் சொந்த அணியையே போட்டு அடிப்பவர் அவர் என்று சொல்லியிருப்பார். யுனைடெட் ரசிகர்கள் பலர் என்னிடம் அப்படித்தான் குமுறியிருக்கிறார்கள். லிவர்பூல்காரர்களுக்கோ அவர் பழைய பகையாளி. பேசுகிறவர் ஒருவர், சொல்கிற வாக்கியமும் ஒன்று. மூன்று ஊர்க்காரர்களும் அது தங்களுக்கு எதிரானது என்று சத்தியம் செய்கிறார்கள்.

இதை 1950-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 1951 நவம்பர் 23 அன்று அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியும் டார்ட்மவுத் கல்லூரி அணியும் மோதின. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து அது. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரர் டிக் காஸ்மையர் மூக்கு உடைந்து வெளியேறினார். பிறகு டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. யார் வேண்டுமென்றே அடித்தார்கள் என்று இரண்டு வளாகங்களிலும் பெரிய சர்ச்சை. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் மாணவர்களின் கணக்கில், தங்கள் அணி செய்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விதிமீறல்களை டார்ட்மவுத் செய்திருந்தது. டார்ட்மவுத் மாணவர்களின் கணக்கிலோ இரண்டு அணிகளும் ஏறக்குறைய சமம். ஆய்வு 1954-இல் வெளியானது.

அந்த மாணவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. இதைத்தான் நீங்கள் மனதில் கொள்ள வேண்டும். படம் ஓட ஓட, கண்ணில் பட்டதைத்தான் குறித்தார்கள். ஆனால் கண்ணில் எது பட வேண்டும் என்பதை அவர்கள் பக்கம் முன்பே முடிவு செய்துவிட்டது.

1985-இல் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் வல்லோன், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் இதையே செய்தி ஊடகத்தை வைத்துப் பார்த்தார்கள். 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களும் அரபு ஆதரவு மாணவர்களும் பார்த்தார்கள். இரு தரப்பும் அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகச் சொன்னது. விஷயம் நன்றாகத் தெரிந்தவர்களே அதிகமான சாய்வைக் கண்டார்கள் என்பது இன்னும் கவனிக்க வேண்டியது. யோசித்தால் இதில் வியப்பில்லை. ஆட்டத்தை 90 நிமிடமும் பார்த்த உங்களுக்கு, இரண்டு நிமிடத் தொகுப்பில் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று தெரியும். விட்டவற்றில் உங்கள் அணிக்குச் சாதகமானவை மட்டும் நெஞ்சில் தைக்கும்.

உங்கள் செக்கிங் மேசையை நினைத்துப் பாருங்கள். பீஸ் வரிசையாகக் கடந்து போகிறது. கண் நிற்பதெல்லாம் ஓட்டையிலும் எண்ணெய்க் கறையிலும் விட்டுப்போன தையலிலும்தான். அங்கே அம்புக்குறி ஸ்டிக்கர் விழுகிறது. நல்ல பீசுக்கு ஸ்டிக்கர் கிடையாது. நீங்கள் செல்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் தலைப்புகளும் அப்படித் தேர்ந்தெடுத்தவைதான். ஆர்சனல் பயிற்சியாளர் அர்டெட்டாவின் இளம் அணியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கட்டுரைகளும் அதே பத்திரிகைகளில் வந்தன. நான் வாசித்தேன், நீங்களும் வாசித்திருப்பீர்கள். அவற்றைச் சேர்த்து வைக்கத் தோன்றவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும் தம்பி. 2022-23-இல் ஆர்சனல் 248 நாட்கள் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. இங்கிலாந்தின் முதல்நிலை லீகில் அத்தனை நாள் முன்னால் நின்றுவிட்டுப் பட்டத்தை இழந்த அணி அதற்கு முன் இல்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று எழுதுவது செய்தியாளரின் வேலை. நெஞ்சுரம் இல்லாதவர்கள் என்று எழுதுவது வேறு. அது வீரர்களின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. அதை எதிர்த்து நீங்கள் வாதாடினால் நான் உங்கள் பக்கம்.

எல்லாம் ரசிகனின் கண்ணில்தான் இருக்கிறது என்று சொல்லி நான் கைகழுவவும் போவதில்லை. ஊடகம் ஓர் ஊரையே வஞ்சித்த நிகழ்வு கால்பந்தில் உண்டு. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி இறந்தவர்கள் 97 பேர். அத்தனை பேரும் லிவர்பூல் ரசிகர்கள். நான்காம் நாள் ‘தி சன்’ பத்திரிகை, ‘உண்மை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, ரசிகர்கள் பிணங்களிடமிருந்து திருடினார்கள், மீட்க வந்த காவலர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. அத்தனையும் பொய். லிவர்பூலில் கடைக்காரர்கள் பலர் இன்றும் அந்தப் பத்திரிகையை விற்பதில்லை. 2012-இல் சுயாதீனக் குழுவின் அறிக்கை வந்த பிறகுதான் பத்திரிகை முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. அது சட்டவிரோதமான உயிர்க்கொலை என்றும் ரசிகர்கள் மேல் குற்றம் இல்லை என்றும் 2016-இல் மரண விசாரணையின் ஜூரி முடிவு சொன்னது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் 27 ஆண்டுகள் ஆவணமும் சாட்சியுமாக அலைந்து பெற்ற நீதி அது. ஊடக அநீதி என்ற சொல்லை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய்மார்கள் நினைவுக்கு வருகிறார்கள். வர்ணனையாளரின் குரல் ஏற்ற இறக்கத்துக்கு அதே சொல்லைச் செலவழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

உங்களைச் சீண்டும் தலைப்புகளுக்குப் பின்னால் வெறுப்பைவிட வியாபாரம்தான் அதிகம். பிரீமியர் லீகின் 2025 முதல் 2029 வரையிலான நான்கு பருவங்களுக்கு பிரிட்டனுக்குள் மட்டும் ஒளிபரப்பு உரிமை விலை 670 கோடி பவுண்ட். அவ்வளவு பணம் போட்டவர்களுக்கு நீங்கள் பார்க்க வேண்டும், கோபப்பட வேண்டும், அந்தத் தலைப்பை நாலு பேருக்கு அனுப்ப வேண்டும். ஆர்சனலுக்கும் யுனைடெட்டுக்கும் உலகம் முழுக்க ரசிகர்கள் இருப்பதால்தான் அந்த இரண்டையும் பற்றி ஓயாமல் எழுதுகிறார்கள். ஸ்பெயினில் நடுநிலை என்ற பாசாங்கு கூட இல்லை. மாட்ரிட்டின் ‘மார்கா’வும் ‘ஆஸ்’ஸும் ரியல் மாட்ரிட் பக்கம், பார்சிலோனாவின் ‘முண்டோ டிபோர்டிவோ’வும் ‘ஸ்போர்ட்’டும் பார்சா பக்கம். வாசகருக்குத் தெரியும், காசு கொடுத்து வாங்குகிறார்.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது வேறு இடத்தில். அதற்கு லண்டன் போக வேண்டியதில்லை. அவிநாசி சாலையில் பஸ் ஏறிக் கோவைக்கு வந்தால் போதும்.

இந்தியாவின் தேசியக் கால்பந்து லீகான ஐ-லீகின் 2018-19 பருவத்தில் சென்னை சிட்டி அணியின் சொந்த மைதானம் வ.உ.சி. பூங்காவை ஒட்டிய நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9, சனிக்கிழமை, மினர்வா பஞ்சாபுடன் கடைசி ஆட்டம். வென்றால் கோப்பை. சமன் செய்தாலும் ஆபத்து. ஏனென்றால் ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்த ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியுடன் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. வாளையார் தாண்டி வந்த பாலக்காட்டுக்காரர்களின் செண்டை கூட அடங்கிப்போனது. இடைவேளைக்குப் பிறகு நம் அணியின் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோல்களையும் போட்டவர் தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று வென்றும் பயனில்லை. 43 புள்ளிக்கு 42. மான்சிக்கு அந்தப் பருவத்தில் 21 கோல். சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ் கட்டிய அணி, தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் கோப்பையை நம் கோவை மண்ணில் வைத்து வாங்கிக் கொடுத்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வரும் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை விரித்தேன். மேல்பாதி முழுக்க, அன்று மொகாலியில் நடக்கவிருந்த இந்தியா – ஆஸ்திரேலியா ஒருநாள் போட்டிக்கான முன்னோட்டம். இன்னும் நடக்காத ஆட்டம். நடந்து முடிந்து, நம் ஊரிலேயே கோப்பை வாங்கிய ஆட்டம் கீழே சின்னச் செய்தி. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தப் பருவத்தின் நடுவிலேயே ஐ-லீக் ஆட்டங்கள் பலவற்றைத் தொலைக்காட்சியில் காட்டாமல் விட்டார்கள். கிளப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதையும் நம் பக்கத்தில் பெரிதாக எழுதியவர் இல்லை. பெயரில் சென்னை இருந்ததால் கோவைக்காரர்களில் பலருக்கு அது நம் அணி என்ற நினைப்பு வரவில்லை. கோவையில் ஆடியதால் சென்னைக்காரர்கள் கண்ணில் அது படவில்லை. 2019-லேயே ஐ-லீகை விட்டுவிட்டு இந்தியன் சூப்பர் லீக் என்ற இன்னொரு லீகை நாட்டின் முதல்நிலை லீகாக அங்கீகரித்துவிட்டார்கள். 2020-21 பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீகிலேயே இல்லை. ஒரு சாம்பியன் அணி இரண்டே ஆண்டுகளில் எப்படிக் காணாமல் போனது, அதில் ஆடிய தமிழ்நாட்டுப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று விசாரித்துத் தொடராக எழுதிய ஒரு தமிழ் நாளிதழை நான் பார்க்கவில்லை.

ஆர்சனலைத் திட்டுகிறார்கள் என்றால் அது இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது என்று பொருள். திட்டக்கூட ஆளில்லாமல் செத்த அணி நம்முடையது. உங்களிடம் இவ்வளவு கோபம் இருக்கிறது தம்பி, அதில் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்புங்கள். செய்தி ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். பத்துப் பேர் கேட்டால் மாவட்ட லீக் ஆட்டத்துக்கு நாலு வரி இடம் ஒதுக்குவார்கள் என்று நான் நம்புகிறேன்.

இனி மச்சான். இன்று இரவே நீங்களே போன் செய்யுங்கள். வயதில் மூத்தவர், அக்காவைக் கட்டியவர், முதல் அடி நீங்கள் வைப்பதில் குறைவொன்றும் இல்லை. அடுத்த ஆர்சனல் – யுனைடெட் ஆட்டத்தை அக்கா வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒலியைக் குறைக்க வேண்டாம். ஆளுக்கொரு தாளில், வர்ணனையாளர் உங்கள் அணியைப் புகழ்ந்தால் ஒரு கோடு, குறை சொன்னால் ஒரு கோடு, எதிரணிக்கும் அதேபோல. ஆட்டம் முடியும் வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு தாளையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், இதே பகுதியில் வெளியிடுகிறேன். அதோடு, திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கிற ஏதாவது ஓர் உள்ளூர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். யார் ஆடினார்கள், எத்தனை கோல், நடுவர் யார், கோல்கம்பத்தில் வலை இருந்ததா என்பதுவரை எல்லாம் வேண்டும். அதையும் போடுகிறேன்.