முதல் கேமரா டிஎஸ்எல்ஆரா, காம்பாக்டா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய டிஎஸ்எல்ஆரா, லென்ஸ் உடலோடு சேர்ந்தே வரும் சிறிய காம்பாக்டா என்று முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். எனக்கென்று சில அழுத்தமான கருத்துகள் உண்டு, அவற்றை மறைக்கவில்லை. காரணத்தையும் கூடவே சொல்லிவிடுகிறேன், ஒத்துவராவிட்டால் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: சார், இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? ஒன்று பெரிசு, இன்னொன்று சட்டைப்பையில் போகிறது. அதற்கு மேல் எனக்குப் புரியவில்லை.

பெரிசு சிறிசு என்பதை உள்ளே இருக்கும் சென்சாரில் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. (கேனானில் கொஞ்சம் சிறியது, 22.3 × 14.9). சாதாரண காம்பாக்டில் 1/2.3 அங்குலம் என்று போட்டிருப்பார்கள், அளந்தால் 6.2 × 4.6 மி.மீ. தான். பரப்பளவில் டிஎஸ்எல்ஆர் சென்சார் அதைவிடப் பதின்மூன்று மடங்கு பெரியது. ஒரே லென்ஸ் திறப்பில், ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால் அத்தனை மடங்கு வெளிச்சம் அதிகமாகப் படத்தில் சேரும், அதனால்தான் மாலை நேரத்திலும் வீட்டுக்குள்ளும் காம்பாக்ட் படங்கள் புள்ளி புள்ளியாக, வண்ணம் கலங்கி வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் 1 அங்குல சென்சார் வைத்த காம்பாக்ட்கள் இருக்கின்றன, 13.2 × 8.8 மி.மீ. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை 2012ல் இதைத் தொடங்கி வைத்தது. ஆக நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது மூன்றில் ஒன்று.

மீதிப் பாதி, லென்ஸ் மாற்ற முடியுமா முடியாதா என்பது. அதற்கு அடுத்த கேள்வியிலேயே வந்துவிடுகிறேன்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கூட வரும் 18-55 லென்ஸே எனக்குப் போதும், வேறு லென்ஸ் வாங்கும் எண்ணம் இல்லை. சரியான முடிவுதானே?

இல்லை என்றுதான் சொல்வேன். வேறு லென்ஸ் வாங்கவே மாட்டேன் என்பது உறுதி என்றால் டிஎஸ்எல்ஆரின் பெரிய பலத்தைப் பெட்டியிலேயே பூட்டி வைக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமராவோடு வரும் அந்தக் கிட் லென்ஸின் திறப்பு (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) எஃப்/3.5ல் தொடங்கி, முழு ஜூமில் எஃப்/5.6க்குச் சுருங்கிவிடும். 2014ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பில் லென்ஸ் எஃப்/1.8 முதல் எஃப்/2.8 வரை. எஃப்/5.6ஐவிட எஃப்/2.8 நான்கு மடங்கு வெளிச்சம் விடும். டிஎஸ்எல்ஆரின் சென்சார் அந்தக் காம்பாக்டின் சென்சாரைவிட மூன்று மடங்கும் கொஞ்சமும் பெரியது. அதாவது சென்சாரில் கிடைத்த லாபத்தை லென்ஸ் தின்றுவிடுகிறது, மொத்த வெளிச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு நூலிழை காம்பாக்ட் பக்கமே சாய்கிறது. பின்புலம் மங்குவதும் இதே கணக்குதான். கிட் லென்ஸோடு சேர்த்தால் அரைக் கிலோவுக்கு மேல் கழுத்தில் தொங்கும், காம்பாக்டோ முந்நூறு கிராமைத் தொடாது.

கிட் லென்ஸோடு கூட ஒரு 35 மி.மீ. எஃப்/1.8 அல்லது 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கினால் கதை முழுக்க மாறும். எஃப்/5.6ஐவிட எஃப்/1.8 ஒன்பது மடங்குக்கும் மேலே வெளிச்சம் தரும், எந்தக் காம்பாக்ட் ஜூமும் அந்தப் பக்கம் வர முடியாது. எனவே டிஎஸ்எல்ஆருக்கு ஒதுக்கும் பணத்தில் இரண்டாவது லென்ஸுக்கும் இடம் வையுங்கள், பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) ஒரு படி பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை, ஒரு இடத்தில் நிற்காது. வீட்டுக்குள் எடுக்கும் படமெல்லாம் கலங்கல். எந்தக் கேமரா இதைச் சரிசெய்யும் அண்ணா?

உங்களுக்கு டிஎஸ்எல்ஆர், அதுவும் 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோடு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

காரணம் இரண்டு. ஒன்று, ஓடும் குழந்தையை உறைய வைக்க நொடியில் 250ல் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும், டியூப்லைட் வெளிச்சத்தில் கிட் லென்ஸுக்கு அது பெரிய பாடு. எஃப்/1.8 வந்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன், ஏற்றினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 1600, 3200க்குள்ளேயே சமாளிக்கலாம். இங்கே பலரும் நினைப்பதற்கு மாறாக, கேமராவில் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதி உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், குழந்தையை நிறுத்தி வைக்காது.

இரண்டாவது, ஃபோகஸ். டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதி கீழே உள்ள தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அது நேராகவே கணக்கிட்டுவிடும், லென்ஸ் ஒரே பாய்ச்சலில் போய் நிற்கும். பழைய காம்பாக்ட்கள் பெரும்பாலும் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி எங்கே கூர்மை அதிகம் என்று தேடிக்கொண்டிருக்கும், அதற்குள் குழந்தை அடுத்த அறைக்குப் போயிருக்கும். ஆனால் ஒன்று, இந்த வேகம் வியூஃபைண்டரில் கண் வைத்து எடுக்கும்போதுதான். திரையைப் பார்த்து எடுத்தால் கண்ணாடி மேலே போய்விடும், நிகான் டி3500 மாதிரியான பாடிகள் அப்போது காம்பாக்ட் போலவே தேட ஆரம்பித்துவிடும்.

கிளிப்-ஆன் ஃப்ளாஷ் ஒன்று மாட்டி, வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடித்தால் இன்னும் நன்றாக வரும். சிறிய காம்பாக்ட்களில் ஃப்ளாஷ் மாட்ட இடமே இருப்பதில்லை.

கேள்வி: 20 மெகாபிக்சலா 24ஆ? எதை எடுப்பது?

இதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏ4 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சிட 3508 × 2480 புள்ளிகள் போதும், ஒன்பது மெகாபிக்சல்கூடத் தேவையில்லை.

கேள்வி: பறவை பார்ப்பதில் ஆர்வம் வந்திருக்கிறது. 60 மடங்கு ஜூம் என்று போட்ட காம்பாக்ட் போதுமா, டிஎஸ்எல்ஆர்தான் வேண்டுமா?

என்ன பறவை, எப்போது என்று கேட்பேன். குளத்தில் அசையாமல் நிற்கும் கொக்கை நல்ல வெயிலில் எடுத்து அடையாளம் காண வேண்டும் என்றால் பெரிய ஜூம் வைத்த, லென்ஸ் மாற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா போதும், சொல்லப்போனால் அதுதான் சரி. 2018ல் வந்த நிகான் பி1000, 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் 3000 மி.மீ.க்குச் சமமான தூரம் எட்டும் (எண் கூடக் கூட தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்). டிஎஸ்எல்ஆரில் 70-300 லென்ஸ் மாட்டினால் அதே கணக்கில் 450 மி.மீ.க்குச் சமம், அவ்வளவுதான். அந்த 3000ஐ டிஎஸ்எல்ஆரில் எட்ட நினைத்தால் தோளும் தாங்காது, பணமும் தாங்காது.

ஆனால் பறக்கும் பறவை, காட்டு நிழல், விடியற்காலை, இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் அந்தச் சின்னச் சென்சார் கைவிட்டுவிடும். முழு ஜூமில் திறப்பு எஃப்/8க்கு வந்துவிடுகிறது, ஐஎஸ்ஓ ஏறி இறகின் நுணுக்கமெல்லாம் மெழுகு பூசியது போல ஆகிவிடும். அப்போது டிஎஸ்எல்ஆரும் 70-300ம் எடுத்து, பறவைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போகப் பழகுவது மேல். 1 அங்குலச் சென்சாரும் 24-600 லென்ஸும் வைத்த சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு நடுவழி, அது நல்ல கேமரா, ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், பையில் வைத்துக்கொள்ளும் காம்பாக்ட் என்று நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: பூ, பூச்சி எடுக்க ஆசை. மேக்ரோ லென்ஸ் வாங்க வசதி இல்லை.

காம்பாக்ட் எடுங்கள். சென்சார் சிறியதாக இருப்பது இங்கே உதவிக்கு வருகிறது, பூச்சியின் கண்ணிலிருந்து வால்வரை கூர்மையாக வரும், டிஎஸ்எல்ஆரில் அதே கூர்மைக்கு எஃப்/16 வரை மூட வேண்டியிருக்கும். பல காம்பாக்ட்கள் ஜூம் செய்யாத நிலையில் சில சென்டிமீட்டர் தூரத்திலேயே ஃபோகஸ் ஆகும். ஒலிம்பஸ் டிஜி-6 லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. வரை நெருங்கும், 15 மீட்டர் ஆழத்துக்கு நீருக்குள்ளும் போகும். அவ்வளவு நெருங்கும்போது கேமராவின் நிழலே பூச்சி மேல் விழும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: போட்டோகிராஃபி முறையாகக் கற்க டிஎஸ்எல்ஆர் இருந்தே ஆக வேண்டுமா?

ஷட்டர், திறப்பு, ஐஎஸ்ஓ மூன்றையும் நாமே அமைக்கும் வசதியும், ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் படமாக) சேமிக்கும் வசதியும் இருந்தால் எதிலும் கற்கலாம். நல்ல 1 அங்குலக் காம்பாக்ட்களில் இரண்டும் உண்டு. ஆனாலும் கற்பதற்கு எனக்கு டிஎஸ்எல்ஆர்தான் பிடிக்கும். திறப்பை எஃப்/8லிருந்து எஃப்/1.8க்குக் கொண்டுவந்தால் படம் எப்படி மாறுகிறது என்பது பெரிய சென்சாரில் கண்ணால் பார்த்ததும் தெரியும், சின்னச் சென்சாரில் வித்தியாசமே தெரியாமல் மாணவர் குழம்பிப்போவார். பிறகு பேட்டரி. டி3500 ஒரு சார்ஜில் 1500 படங்களுக்கு மேல் எடுக்கும் என்பது அதன் சோதனைக் கணக்கு, காம்பாக்ட்களில் அதே முறையில் 200, 300தான் வரும். கற்கிறவர் கணக்குப் பார்க்காமல் எடுத்துத் தள்ள வேண்டும், பேட்டரி தடையாக இருக்கக் கூடாது.

கேள்வி: என் போனிலேயே நல்ல படம் வருகிறது. காம்பாக்ட் தேவையா?

1/2.3 அங்குலச் சென்சார் வைத்த காம்பாக்டைப் படத்தின் தரத்துக்காக வாங்காதீர்கள். இன்றைய நல்ல போன்களின் சென்சார் அதைவிடப் பெரியது, பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் வேலையும் உள்ளேயே நடக்கிறது. நீண்ட ஜூம் வேண்டும், நீருக்குள் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அது.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் காலமே முடிந்துவிட்டது, எல்லாரும் மிரர்லெஸ் போகிறார்கள் என்கிறார்களே. இப்போது பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவது பணத்தை வீணடிப்பதா?

கம்பெனிகளின் கவனம் மாறியது உண்மை. கேனானும் நிகானும் 2018ல் மிரர்லெஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) புதிய மவுண்ட்களை (லென்ஸ் மாட்டும் வாய்) கொண்டுவந்தன, அதற்குப் பிறகு புது லென்ஸ்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனால் கேமரா எடுத்த படம் பழையதாகிவிடாது, சந்தையில் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் ஏராளம், பலர் மாறிப்போவதால் செகண்ட் ஹேண்டில் இதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை. நாளைக்கு நீங்களே மாறினாலும் அடாப்டர் வழியாகக் கேனான் இஎஃப் லென்ஸ்கள் அவர்களுடைய புதிய பாடிகளில் வேலை செய்யும், நிகான் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களும் அப்படியே. வீடியோதான் முக்கியம் என்பவர் மட்டும் மிரர்லெஸ் பாருங்கள், இல்லையென்றால் திரையிலும் வேகமாக ஃபோகஸ் ஆகும் கேனான் 200டி மாதிரி ஒன்று.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது சில சோதனைகள். வெள்ளைச் சுவரை எஃப்/22ல் எடுத்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, அது துடைத்தால் போய்விடும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்பதை நிகான் ஒவ்வொரு படத்தின் தகவலிலும் எழுதிவைக்கும், ஒரு படம் எடுத்துக் கணினியில் பார்த்தால் போதும். நிகானின் டி3000, டி5000 வரிசைகளில் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள், பழைய டி வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பழைய காம்பாக்ட் வாங்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும்போது தூசியையும் இழுத்துக்கொள்ளும், சென்சாரில் படிந்தால் கேமராவையே பிரிக்க வேண்டும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் நான்கைந்து முறை ஜூமை முழுக்க ஓட்டி, கரகரவென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, நிறையப் பயணம் போகிறார். கனமாக எதுவும் தூக்க மாட்டார். படிக்கக் கண்ணாடி போடுவார். என்ன வாங்கித் தரலாம்?

1 அங்குலக் காம்பாக்ட், கண்டிப்பாக வியூஃபைண்டர் உள்ளதாக. வெயிலில் பின்திரை சரியாகத் தெரியாது, படிக்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டால் திரையில் என்ன இருக்கிறது என்பதே அவருக்கு மங்கலாகத்தான் இருக்கும், ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடியைத் தேடி எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. நான் மேலே சொன்ன ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பில் வியூஃபைண்டர் மேலே எழும்பி வரும், பார்வைக்கு ஏற்ப அதைச் சரிசெய்யவும் முடியும். வாங்கிக் கொடுக்கும் அன்றே அம்மாவைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கச் சொல்லி, உள்ளே தெரியும் எழுத்துகள் தெளியும்வரை வியூஃபைண்டரின் பார்வைச் சரிசெய்தலை நகர்த்திவிடுங்கள். தேதியையும் நேரத்தையும் அமைத்து, ஆட்டோவில் வைத்து, கூடவே ஒரு உபரி பேட்டரியும் கைப்பட்டையும் கொடுங்கள்.