ஃபிஜியின் லைசேனியா கராசே: வளர்ச்சி வங்கியிலிருந்து பிரதமர் பதவிவரை (கேள்வி பதில்)

கேள்வி: கராசேயின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல இயலுமா?

பதில்: லாவு தீவுக்கூட்டத்தில் உள்ள மவானா என்ற ஊரில் 1941-இல் பிறந்தார். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டம் பெற்று, 1983 முதல் தொண்ணூறுகளின் பிற்பகுதிவரை ஃபிஜி வளர்ச்சி வங்கியின் நிர்வாக இயக்குநராகவும், பின்னர் ஃபிஜி மெர்ச்சன்ட் வங்கியின் தலைவராகவும் பணியாற்றினார். 2000 ஜூலையில் இடைக்காலப் பிரதமரானார். 2001, 2006 தேர்தல்களில் வென்றார். 2006 டிசம்பர் 5 அன்று இராணுவம் அவரை இறக்கியது. 2020 ஏப்ரலில் காலமானார்.

கேள்வி: ஃபிஜி தேசிய வங்கியை மூழ்கடித்தவர் இவர்தானே?

பதில்: இல்லை. அது வேறு வங்கி.

கேள்வி: ஜார்ஜ் ஸ்பெய்ட்டோடு சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்தவர் என்கிறார்களே?

பதில்: 2000 மே 19 அன்று நாடாளுமன்றத்துக்குள் ஆயுதங்களோடு புகுந்து, பிரதமர் மகேந்திர சௌத்ரியையும் அமைச்சர்களையும் 56 நாள் பிணையாக வைத்திருந்தவர் ஸ்பெய்ட். ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்ட இராணுவத் தளபதி பைனிமராமாதான் கராசேயைப் பதவியில் அமர்த்தினார். ஆறு ஆண்டு கழித்து அவரை இறக்கியவரும் அதே பைனிமராமாதான். இந்த இரண்டு கவிழ்ப்புகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சந்தேகத்துக்கு இடம் கொடுத்தவர் கராசேயே என்பதையும் சொல்ல வேண்டும்: 2001-இல் 71 இடங்களில் 32 மட்டுமே கிடைத்தபோது, ஸ்பெய்ட்டின் ஆதரவாளர்களுடைய கட்சியைக் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி: வங்கித் தொழில் அவருடைய அரசியலைப் பாதித்ததா?

பதில்: அவருடைய அரசியல் முழுவதுமே வங்கித் தொழிலிலிருந்து வந்தது என்பது என் கருத்து. நிலத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் பூர்வீக ஃபிஜியர்களின் குலங்களுக்கு உரியது; ஆனால் அந்த நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்பதால், கடன் கேட்டு வரும் ஃபிஜியரிடம் ஈடாகக் காட்டப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இதைக் கடன் கொடுக்கும் மேசையின் மறுபுறமிருந்து ஆண்டுக்கணக்கில் பார்த்த கராசே, சலுகை வட்டியும் நிறுவனப் பங்குகளும் கிடைத்தால் தம் சமூகம் வணிகத்தில் மேலேறிவிடும் என்று உறுதியாக நம்பினார். பிரதமரானதும் 2020-க்குள் பொருளாதாரத்தில் பூர்வீகக் குடியினருக்குப் பாதிப் பங்கு என்று திட்டம் வகுத்ததும் அதே நம்பிக்கையால்தான். கரும்புக் குத்தகை முடிந்து நிலத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி விவசாயிக்கு அந்தக் கணக்கில் தனி இடம் ஒதுக்கப்படவில்லை. வறுமைக்கு உதவாமல் இனத்துக்கு உதவியதுதான் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு. பலனும் ஏற்கெனவே வசதி படைத்த ஃபிஜியர்களிடமே அதிகம் சேர்ந்தது.

கேள்வி: அவர் சிறை சென்றது எதற்காக?

பதில்: மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். பூர்வீகக் குடியினரின் முதலீட்டுக்காக ஃபிஜியன் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதன் இயக்குநராக இருந்தவர் கராசே. அதே காலத்தில் பூர்வீகக் குடியினர் விவகார வாரியத்துக்கு நிதி ஆலோசகரும் அவரே. தமக்குத் தொடர்புள்ள நிறுவனங்கள் அதன் பங்குகளை வாங்கியபோது அந்தத் தொடர்பை அவர் தெரிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2012 ஆகஸ்டில் ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் விடுதலையானார்.

கேள்வி: அது அப்பட்டமான பழிவாங்கல். இருபது ஆண்டுப் பழைய கோப்பை இராணுவ ஆட்சி எதற்காகத் தூசி தட்டியது?

பதில்: காலம் சந்தேகத்துக்குரியதே. வழக்குத் தொடுத்த ஊழல் தடுப்பு ஆணையத்தை 2007-இல் அமைத்ததே அந்த ஆட்சிதான். இந்தத் தண்டனை 2014 தேர்தலில் நிற்க அவருக்குத் தடையாகவும் ஆயிற்று. ஆனால் வழக்குத் தொடுத்தவரின் நோக்கம் கெட்டது என்பதால் கோப்பில் உள்ளது பொய்யாகிவிடாது. பங்கு ஒதுக்கும் இடத்தில் இருப்பவர், வாங்கும் இடத்தில் தம் குடும்பமும் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். வங்கியாளர் ஒருவருக்கு இதை எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

கேள்வி: நீங்கள் இராணுவத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

பதில்: தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைத் துப்பாக்கியால் இறக்கியது சட்டவிரோதம் என்று 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, மறுநாளே அரசியலமைப்பை ரத்து செய்தார்கள். அந்த ஆட்சியைப் பற்றி என் கருத்தும் நீதிமன்றத்தின் கருத்தே. அதற்காகக் கராசேயைப் புனிதராக்க என்னால் முடியாது. 2000 கவிழ்ப்பில் ஈடுபட்டோருக்குப் பொதுமன்னிப்பு வழங்க வழிசெய்யும் மசோதாவை 2005-இல் கொண்டுவந்தது அவருடைய அரசு. அதே 2000-ஆம் ஆண்டு நவம்பரில் தம் பாசறையிலேயே நடந்த கலகத்தில் உயிர் தப்பிய பைனிமராமா அந்த மசோதாவை எப்படிப் பார்ப்பார் என்று கராசே கணிக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் 2000-இல் சௌத்ரியை நீக்கியதும் கராசேதானா?

பதில்: மூன்றாவது பதிலைப் படியுங்கள்.





கேள்வி: இந்திய வம்சாவளியினரோடு அவர் ஒருபோதும் அதிகாரத்தைப் பகிரவில்லையா?

பதில்: பத்து விழுக்காடு இடங்கள் பெற்ற கட்சிக்கு அமைச்சரவையில் இடம் தர வேண்டும் என்றது 1997 அரசியலமைப்பு. 2001-இல், இந்திய வம்சாவளியினர் பெரிதும் ஆதரித்த சௌத்ரியின் தொழிற்கட்சிக்கு அதை மறுத்து, 2003-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்று தோற்றார். 2006-இல் 36 இடங்களோடு தனிப் பெரும்பான்மை பெற்றபின், 31 இடங்கள் பெற்ற தொழிற்கட்சியினரை அமைச்சர்களாக்கினார். சௌத்ரி மட்டும் வெளியே நின்றார். இரு சமூகங்களும் ஒரே மேசையில் அமர்ந்த அந்த அமைச்சரவை ஏழு மாதம்கூட நீடிக்கவில்லை. கவிழ்ப்புக்குப் பின் பைனிமராமாவின் இடைக்கால அரசில் நிதியமைச்சராகச் சேர்ந்தவர் சௌத்ரி.